ஒண்ணும் பண்ணாது

இரும்புக் கேட்டின் கம்பிகளுக்கு நடுவே முதலில் ஒரு மூக்கு வந்தது. அதன் பின்னால் பற்கள் வந்தன. அதற்கும் பின்னால் பதினேழாம் எண் வீட்டு நாய் முழுசாக நின்றுகொண்டு, தெருவே அதிரும்படி குரைத்தது.

கேட்டுக்கு இந்தப் பக்கம் தபால்காரர், ஒரு பழுப்பு உறையைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்தபடி நின்றார்.

“குரை, நல்லாக் குரை. எனக்கு வேண்டியது ஒரே ஒரு கையெழுத்து. உன்னோடது இல்ல, உங்க ஐயாவோடது. கொஞ்சம் உள்ள போய்ச் சொல்றியா?”

நாய் சொல்லவில்லை. கம்பியைக் கடித்துப் பார்த்தது.

கேட்டில் இரண்டு பலகைகள் தொங்கின. ஒன்றில் ‘நாய் ஜாக்கிரதை’. இன்னொன்றில், அதைவிடப் பெரிய பித்தளை எழுத்துகளில், ‘முன்னாள் பொது மேலாளர்’. பெயர் அதற்குக் கீழே, கண்ணாடி போட்டுக்கொண்டால் தெரிகிற அளவில் இருந்தது. அதனால் தெருவில் அவருக்கு ‘முன்னாள்’ என்றே பெயர் நின்றுவிட்டது. ஆயிரத்து இருநூறு பேரைக் கட்டி மேய்த்தவர். ஓய்வு பெற்ற மறுவாரமே, மேய்க்க ஆளில்லாமல் கை நமநமவென்று அரிக்க, ஒரு நாயை வாங்கி அதற்கு ‘செக்ரட்டரி’ என்று பெயர் வைத்தார். பொருத்தமான பெயர்தான். எந்த ஆபீஸில் செக்ரட்டரியைத் தாண்டி ஐயாவைப் பார்க்க முடிந்திருக்கிறது?

அழைப்பு மணி என்று ஒன்று இருந்தது. கேட்டில் இல்லை. நாயைத் தாண்டி, ஏழு படி ஏறி, வாசல் கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. மணியை அடிக்க முடிந்தவனுக்கு மணியே தேவையில்லை என்பது அதை அங்கே வைத்தவருக்குத் தோன்றவில்லை.

சாதாரணத் தபால் என்றால் மதிலுக்கு மேலே வீசிவிட்டுப் போய்விடலாம். மூன்று வருஷமாக அப்படித்தான் நடக்கிறது. ஆனால் இது பதிவுத் தபால். முகவரிக்காரரே கையில் வாங்கி, ஒப்புகை அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். ஏழு நாளைக்குள் நடக்காவிட்டால் உறை அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும்.

அதுதான் தபால்காரருக்கு ஆகாது. இருபத்திரண்டு வருஷ சர்வீஸில், ஆள் இருக்கிற வீட்டிலிருந்து ஒரு பதிவுத் தபாலைக்கூட அவர் திருப்பிக் கொண்டுபோனதில்லை. இடுப்பளவு வெள்ளத்தில் உறையைத் தலையில் வைத்துக்கொண்டு போய்க் கொடுத்தவர். பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டிருந்தவரிடம், டாக்டரையே அட்டையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கையெழுத்து வாங்கியவர். அப்பேர்ப்பட்டவரை இப்போது நாலு கால் பிராணி ஒன்று தெருவில் நிறுத்திவிட்டது.

“இத்தனை பேரைப் பார்த்தவனை நீ மிரட்டிப் பார்க்கிறியா!” என்று உறுமினார்.

செக்ரட்டரி அவரைவிட நன்றாக உறுமியது.

அன்றைக்கு அவர் உறையோடு ஆபீஸுக்குத் திரும்பினார். பதிவுத் தபால் பிரிவின் கிளார்க்கம்மா ஒரு படிவத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

“காரணம் என்னண்ணே எழுதட்டும்? அஞ்சு காரணம்தான் இருக்கு. வீடு மாறிட்டார், கதவு பூட்டு, வாங்க மறுப்பு, முகவரி தப்பு, காலமாயிட்டார். இதுல எது?”

“நாய் விடலைன்னு எழுதுங்க மேடம்.”

“அப்படி ஒரு காரணம் இல்லையே.”

“ஏன் இல்ல? நாயே இல்லாத ஊர்லயா உட்கார்ந்து இந்த ஃபாரத்தை அச்சடிச்சாங்க?”

“கதவு பூட்டுன்னு போட்டுடறேன்.”

“பொய்! கதவு பூட்டலை. அந்த ஆள் மாடியில நடமாடுறது ஜன்னல்ல தெரியுது. வேணும்னா காலமாயிட்டார்னு போடுங்க. அவர் காலமாகலைன்னா நாளைக்கு நான் காலமாயிடுவேன், கணக்கு சரியாப் போயிடும்.”

கிளார்க்கம்மா சிரித்துக்கொண்டே ‘கதவு பூட்டு’ என்று எழுதினார்.

“என் புகார் என்ன ஆச்சு?” என்றார் தபால்காரர்.

அது ஒரு மாதத்துக்கு முந்தைய கதை. அன்று கேட் சரியாகச் சாத்தப்படாமல் இருந்தது. செக்ரட்டரி வெளியே வந்து அவருடைய காக்கிக் கால்சட்டையில் ஒரு கை அகலத் துணியைத் தன் நினைவாக எடுத்துக்கொண்டது. முன்னாள் மாடி ஜன்னலில் தோன்றி, “பயப்படாதய்யா, ஒண்ணும் பண்ணாது!” என்று கத்தினார். அப்போது துணி நாயின் வாயில் இருந்தது. தபால்காரர் போராடி அந்தத் துணியை மீட்டு, நான்கு பக்கத்துக்குப் புகார் எழுதி, துணியைச் சாட்சியாகக் குண்டூசியில் குத்திக் கொடுத்திருந்தார்.

“புகார் மேலே போயிருக்குண்ணே.”

“மேலேன்னா?”

கிளார்க்கம்மா பேனாவால் மேலே காட்டினார். அங்கே ஒரு மின்விசிறி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். அவர் மனைவிக்குச் சுருக்கமாகக் கேள்வி கேட்கும் பழக்கம் உண்டு.

“அந்தக் கவரை யார் அனுப்பினதுங்க?”

தபால்காரர் தேளைத் தொட்டவர் போலத் துள்ளினார்.

“அதைப் பாக்குறவன் தபால்காரனா? வேவுகாரன்! பெறுநர் முகவரி என் பொழைப்பு, அனுப்புநர் முகவரி அடுத்தவன் பொழைப்பு. இருபத்திரண்டு வருஷத்துல ஒரு கவரையாவது நான் பின்பக்கம் திருப்பிப் பாத்திருப்பேனா?”

“சரி சரி, என் மேல பாயாதீங்க, ஏற்கெனவே ஒண்ணு பாஞ்சது போதும். உங்க ரூட்லதான் நாய் டீச்சர் ஒருத்தங்க இருக்காங்கன்னு சொல்வீங்களே. அவங்களைக் கேளுங்களேன்.”

நாய் டீச்சரின் தகரக் கொட்டகைக்கு ‘நாய் நடத்தைச் சீர்திருத்த மையம்’ என்று பெயர். மறுநாள் காலை தபால்காரர் அங்கே போனபோது, ஒரு பக்கம் ஆறு நாய்களும் எதிர்ப்பக்கம் அவற்றின் எஜமானர்களும் வரிசையாக நின்றிருந்தார்கள். டீச்சர் “உட்கார்!” என்றார். நாய்கள் யோசித்தன. இரண்டு எஜமானர்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

டீச்சர் அவர் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெரிய உண்மைகளைச் சொல்வதற்கு முன் அவர் அப்படித்தான் செய்வார்.

“கெட்ட நாய்னு ஒண்ணு உலகத்துலயே கிடையாது. நாய் எப்பவும் சம்பளம் வர்ற வேலையைத்தான் செய்யும்.”

“அதுக்கு யாரும்மா சம்பளம் குடுக்குறா?”

“நீங்கதான்.”

“நானா!”

“தினமும் பதினொன்றரைக்கு வர்றீங்க. அது குரைக்குது. உடனே நீங்க போயிடறீங்க. அது என்ன நினைக்கும்? ‘நான் குரைச்சேன், திருடன் ஓடிட்டான்’னு நினைக்கும். மூணு வருஷமா ஒரு நாள்கூடத் தோக்கலை. அதுக்கு இருக்கிற தன்னம்பிக்கை நமக்கெல்லாம் வராது.”

“திருடனா? அடுத்த வீட்டுக்குப் போகணுமேன்னு நான் போறேன்மா!”

“அது அதுக்கு எப்படித் தெரியும்? எந்தெந்த வீட்டுக்குப் போகணும்னு உங்க பீட் மேப்பைக் காட்டினீங்களா?”

தபால்காரர் தன் தோள்பையை ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

“இனிமே ஓடாதீங்க. பக்கவாட்டுல திரும்பி, கண்ணைப் பாக்காம, அசையாம நில்லுங்க. அது குரைப்பை நிறுத்தின அப்புறம்தான் நகரணும்.”

அன்று பதினொன்றரைக்குத் தபால்காரர் பதினேழாம் எண் கேட்டுக்கு முன்னால் பக்கவாட்டில் திரும்பி நின்றார். செக்ரட்டரி குரைத்தது. நடுவில் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி குரைத்தது. கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று.

“என்ன போஸ்ட்மேன், உங்களுக்குச் சிலை வைக்கப் போறாங்களா? நிறுத்திப் பாக்குறாங்களா?” என்றார் சைக்கிளில் போன ஒருவர்.

இருபத்திரண்டாம் எண் வீட்டு அம்மாள் தெருவுக்கே வந்துவிட்டார். “என் பையன் லெட்டரை வச்சுக்கிட்டு இங்க என்னய்யா வேடிக்கை பாக்குறீங்க?”

“நகரக் கூடாதும்மா, வைத்தியம் நடக்குது,” என்று தபால்காரர் மதிலைப் பார்த்துச் சொன்னார். அந்தப் பக்கம் திரும்ப அவருக்கு அனுமதி இல்லை.

“யாருக்கு வைத்தியம், உங்களுக்கா?”

ஐம்பதாவது நிமிஷத்தில் தபால்காரருக்கு வேறு ஓர் அவசரம் வந்தது. மனிதன் எதை அடக்கினாலும் அதை அடக்க முடியாது. அவர் நகர்ந்தார். நாய் குரைப்பை நிறுத்தி, பெருமையாக வாலை ஆட்டியது.

“ஐயையோ!” என்று மறுநாள் டீச்சர் தலையில் கை வைத்தார். “காரியத்தைக் கெடுத்துட்டீங்களே! அம்பது நிமிஷம் விடாம உழைச்சா இந்த ஆள் கண்டிப்பாப் போவான்னு அதுக்குக் கத்துக் குடுத்துட்டீங்க. இதுவரைக்கும் ஒரு நிமிஷக் குரைப்பு. இனிமே அம்பது நிமிஷக் குரைப்பு.”

“நான் மனுஷன் இல்லையாம்மா?”

“அது உங்க பிரச்சினை. சரி, வழியை மாத்துவோம். பிஸ்கட் வாங்குங்க. குரைக்கும்போது போடாதீங்க, அது லஞ்சம். வாயை மூடுற நொடியில போடுங்க, அது பரிசு.”

லஞ்சத்துக்கும் பரிசுக்கும் நடுவே ஒரு நொடிதான் வித்தியாசம் என்று தபால்காரருக்கு அன்றுதான் தெரிந்தது. மூன்றாம் நாள் ஒரு பாக்கெட் பிஸ்கட்டோடு போய், செக்ரட்டரி இரண்டு குரைப்புக்கு நடுவில் மூச்சு வாங்கிய நொடி பார்த்து ஒன்றை வீசினார். நாய் தின்றது. ஒரு கணம் யோசித்தது. மறுபடி குரைத்தது, வேண்டுமென்றே மூச்சு வாங்கியது, பிஸ்கட்டுக்காக அவரைப் பார்த்தது. குரைத்து நிறுத்தினால் பிஸ்கட். குரைக்காவிட்டால் எதை நிறுத்துவது? பாக்கெட் காலியாகும்வரை அது தாளம் தப்பாமல் குரைத்து நிறுத்தி, குரைத்து நிறுத்தித் தின்றது.

பாக்கெட்டின் சரசரப்பு மற்ற வீடுகளுக்கும் கேட்டுவிட்டது. மூன்று வருஷமாக வெயிலில் சுருண்டு படுத்து, அவர் வந்தால் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்க்கிற கிழட்டு நாய்கள்கூட அன்று எழுந்து கேட்டுக்கு வந்து குரைத்தன. தெருக் கடைசிவரை பதினோரு வீடு, பதினோரு நாய்.

ஆபீஸில் கிளார்க்கம்மா அவருக்காகவே காத்திருந்தார்.

“அண்ணே, உங்க மேல ஒரு புகார் வந்திருக்கு. ஒழுங்கா இருந்த நாய்களை எல்லாம் கெடுத்துட்டீங்களாம். விளக்கம் கேட்டு எழுதியிருக்காங்க.”

“எப்போ குடுத்தாங்க?”

“மத்தியானம்.”

தபால்காரரின் மீசை துடித்தது. “அப்படியா! நான் குடுத்த புகார் ஒரு மாசமா மேலேயே உட்கார்ந்திருக்கு. என் மேல குடுத்தது மத்தியானம் ஏறி சாயங்காலம் இறங்கிடுச்சா? அதுக்கு மட்டும் லிஃப்ட் வச்சிருக்கீங்களா?”

“கோவப்படாதீங்க. அந்தக் கவர் என்ன ஆச்சு? அனுப்பினவங்க ரெண்டு தடவை கேட்டுட்டாங்க. நாலு நாள்தான் பாக்கி.”

நான்காம் நாள், தெருமுனையில் முன்னாள் வீட்டுச் சமையல்காரம்மா காய்கறிப் பையோடு எதிரே வந்தார். அவர் விடியற்காலையில் வந்து சமைத்துவிட்டுப் பதினோரு மணிக்குக் கிளம்பிவிடுபவர். செக்ரட்டரி அவரைப் பார்த்தால் மல்லாந்து விழுந்து வயிற்றைக் காட்டும்.

“அக்கா, நல்லவேளை! உங்க ஐயாவுக்குக் காது கேக்காதா? இந்த மூணு நாளா அந்த நாய் தொண்டை கிழியக் கத்துது, ஒரு தடவையாவது கீழ எட்டிப் பாக்க வேண்டாமா?”

“காது நல்லாக் கேக்கும் தம்பி. கேக்குறதாலதான் வர மாட்டேங்குறாரு.”

“புரியலையே.”

“போன மாசம் உங்க கால்சட்டை கிழிஞ்சுச்சே, அதுலேர்ந்து அவருக்கு அவமானமாப் போச்சு. ‘ஆயிரத்து இருநூறு பேரை அடக்கினவன், ஒரு நாயை அடக்க முடியாதா’ன்னு யாரோ நாய் டீச்சர்கிட்ட பாடம் படிக்கிறாரு. குரைக்கிறப்போ நாம எட்டிப் பாத்தா, குரைச்சா கவனிப்பாங்கன்னு அதுக்குப் பழகிடுமாம். அதனால குரைப்பு நிக்கிற வரைக்கும் கீழ இறங்கக் கூடாதுன்னு டீச்சர் உத்தரவு. நின்னதும் இறங்கி வந்து பிஸ்கட் குடுக்கணுமாம். பிஸ்கட் டப்பாவை மடியில வச்சுக்கிட்டு மாடியில தவமாத் தவம் கிடக்குறாரு.”

தபால்காரர் அப்படியே நின்றுவிட்டார். மனக்கண்ணில் எல்லாம் தெரிந்தது. குரைப்பு நிற்கட்டும் என்று கீழே ஒருவர் நிற்கிறார். குரைப்பு நிற்கட்டும் என்று மாடியில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். நடுவில் ஒரு நாய், இருவரில் ஒருவராவது அசையட்டும் என்று குரைக்கிறது.

“ஒரே டீச்சர்!” என்று அவர் பல்லைக் கடித்தார். “நான் போட்ட அறிவிப்புச் சீட்டாவது அவர் கைக்குப் போச்சா? ஆபீஸுக்கே வந்து வாங்கிக்கலாம்னு எழுதியிருந்தேனே.”

“போச்சு, பாத்தாரு. ‘நான் போய் வரிசையில நிக்கணுமா?’ன்னு சீட்டைக் கிழிச்சுட்டாரு. காலையில ஏழு மணிக்கு நாயோட நடக்கப் போவாரு. வழியில புடிங்க.”

ஐந்தாம் நாள் காலை ஏழு மணிக்கு, தபால்காரர் பூங்காவின் வாசலில் உறையும் அட்டையும் பேனாவுமாக நின்றார். முன்னாள் வந்தார். வெள்ளை ஷூ, கழுத்தில் விசில், கையில் கயிறு, கயிற்றின் நுனியில் செக்ரட்டரி.

தபால்காரர் கண்ணை மூடிக்கொண்டார். குரைப்புச் சத்தமே இல்லை. கண்ணைத் திறந்தால், அந்த அரக்கப் பிராணி அவருடைய கால்சட்டைப் பையை முகர்ந்து, அதில் ஒட்டியிருந்த பிஸ்கட் தூளை நக்கி, அவர் கையை மூக்கால் தள்ளிக்கொண்டிருந்தது. கேட்டுக்கு வெளியே அதற்கு யாரோடும் பகை இல்லை.

“பாத்தியா?” என்றார் முன்னாள். “நான் அப்பவே சொன்னேன், ஒண்ணும் பண்ணாது. நீதான் அநாவசியமா நடுங்குற.”

தபால்காரருக்குக் காது மடல்கள் சூடாகிவிட்டன. ஆனாலும் காரியம் பெரிது. “சரிங்கய்யா, நான்தான் நடுங்குறேன். உங்களுக்கு ஒரு பதிவுத் தபால். இந்தாங்க, இங்க ஒரு கையெழுத்து.”

முன்னாள் இரண்டடி பின்வாங்கினார், உறை கடித்துவிடும் என்பது போல.

“நடுத்தெருவுலயா?”

“ஒரு நிமிஷ வேலைங்கய்யா.”

“நான் ஆயிரக்கணக்கான ஃபைல்ல கையெழுத்துப் போட்டவன். ஒண்ணைக்கூட நின்னுக்கிட்டுப் போட்டதில்ல. உங்க வேலை என்ன? வீட்டுக்குக் கொண்டுவந்து குடுக்கிறது. அதுக்கு ஒரு முறை இருக்கு. முறையா வீட்டுக்குக் கொண்டு வா.”

“வீட்டுல நாய் விட மாட்டேங்குதுங்களே!”

“எந்த நாய்? இதுவா?”

செக்ரட்டரி தபால்காரரின் கையை நக்கியது. முன்னாள் விசில் ஊதிவிட்டு நடந்தார். நாயும் அவர் வேகத்துக்கு ஈடாக, ஒரு நல்ல அரசாங்க ஊழியரைப் போல, திரும்பிப் பார்க்காமல் போயிற்று.

ஆறாம் நாள் விடுமுறை. தபால்காரரின் கோபத்துக்கு விடுமுறை இல்லை. கொட்டகைக்கே போய்க் கத்தினார்.

“ஏம்மா, ஒரே நோய்க்கு ரெண்டு பேருக்கு ரெண்டு மருந்து குடுத்திருக்கீங்களே, ரெண்டையும் சேத்துக் குடிச்சா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? நான் கீழ நிக்கிறேன், அவர் மேல உட்கார்றாரு. நாய் ரிட்டயர் ஆகுற வரைக்கும் நாங்க இப்படியே இருக்கணுமா?”

டீச்சர் கண்ணாடியைத் துடைக்கவே இல்லை. முகம் மலர்ந்துவிட்டது. “ரெண்டு பேரும் சொன்னதை அப்படியே செய்யிறீங்களா? என் சர்வீஸ்ல இவ்வளவு ஒழுங்கான மாணவர்களை நான் பாத்ததே இல்ல!”

“அம்மா, நாளைக்குக் கடைசி நாள். என் இருபத்திரண்டு வருஷம் போயிடும்.”

அந்தக் குரலில் இருந்த ஏதோ ஒன்று டீச்சரைத் தொட்டது. அவர் கொஞ்சம் யோசித்தார்.

“அது எதையாவது கவ்விக்கிட்டுத் திரியிற ஜாதி. பேருதான் செக்ரட்டரி, இதுவரைக்கும் அதுக்கு ஒரு வேலை குடுத்திருக்காரா அவர்? வேலை இல்லாததாலதான் குரைப்பையே வேலையா வச்சிருக்கு. வாயில ஒரு பொருள் இருந்தா எந்த நாயாலயும் குரைக்க முடியாது. தின்னுற பொருள் வேண்டாம். உங்க வாசனை நல்லா ஏறின துணி ஏதாவது குடுங்க.”

மனைவி ஒரு பழைய துண்டைச் சுருட்டிக் கட்டிக் கொடுத்தார். ஏழாம் நாள், பதினொன்றரைக்கு, தபால்காரர் அதைக் கம்பி வழியாக நீட்டினார். செக்ரட்டரி முகர்ந்து பார்த்து, தும்மி, துப்பிவிட்டுக் குரைத்தது. வெளியாள் கைக்குப் போகும் துணியாயிற்றே என்று, மனைவி அதை இரண்டு முறை சோப்புப் போட்டு அலசியிருந்தார். தபால்காரரின் வாசனை துளிகூட மிச்சமில்லை.

தபால்காரர் பையைத் துழாவினார், சட்டையைத் தடவினார். தொப்பி புதியது. பை அரசாங்கத்துடையது. கடைசியில் தன் கால்களைக் குனிந்து பார்த்தார். இத்தனை வருஷ நடையில் தன் வாசனை முழுசாக ஏறிய பொருள் உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது அங்கேதான் இருந்தது.

இடது ஷூவைக் கழற்றி மதிலுக்கு மேலே வீசினார்.

செக்ரட்டரி அதை முகர்ந்தது. அதன் கண்கள் விரிந்தன. பிறகு பதவி உயர்வு ஆணையை வாங்குகிறவர் போல, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ஷூவைப் பதமாகக் கவ்விக்கொண்டு தலையை நிமிர்த்தியது.

குரைப்பு நின்றது. தெருவே திடுக்கிட்டது. எதிர்வீட்டில் யாரோ ஜன்னலைத் திறந்து, என்ன விபரீதம் என்று பார்த்தார்கள்.

மாடியில் ஒரு நாற்காலி நகர்ந்தது. கதவு திறந்தது. கையில் பிஸ்கட் டப்பாவும் முகத்தில் வெற்றியுமாக முன்னாள் ஏழு படியும் இறங்கி வந்தார்.

“குட்! வெரி குட், செக்ரட்டரி!” என்றார். அப்புறம்தான் கேட்டுக்கு வெளியே நிற்பவரைக் கண்டார். “ஓ, நீயா? பாத்தியா என் ட்ரெயினிங்கை? முப்பத்தஞ்சு நாள்ல முடிச்சுட்டேன்.”

“பாத்தேங்கய்யா. பிரமாதம். இங்க ஒரு கையெழுத்து.”

முன்னாள் கேட்டைத் திறந்து அவரை உள்ளே வரச் சொல்லி, வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தன் சொந்தப் பேனாவை எடுத்து, அட்டையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். “பதவி எழுத இடம் விடலையே?” என்று கடிந்துகொண்டு, ஓரத்தில் நுணுக்கி நுணுக்கி ‘முன்னாள் பொது மேலாளர்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். உறையைப் பிரிக்கவில்லை. முக்கியமான தபால்களைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் பிரிப்பாராம்.

அதற்குள் செக்ரட்டரி வந்து, தபால்காரரின் வெறுங்காலின் மேல் சூடாக உட்கார்ந்துகொண்டது. ஷூ வாயிலேயே இருந்தது.

“ஐயா, என் ஷூ…”

“ட்ரெயினிங் நடுவுல பிடுங்கக் கூடாது. நாளைக்கு வந்து வாங்கிக்க.”

தபால்காரருக்குச் சட்டென்று ஒரு யோசனை. பையிலிருந்து அந்த வீட்டுக்கான சாதாரணத் தபால் ஒன்றை எடுத்து நாயிடம் நீட்டினார். செக்ரட்டரி ஷூவைக் கீழே வைத்துவிட்டு, கடிதத்தைப் பல் படாமல் கவ்வி, நான்கடி நடந்து, முன்னாளின் மடியில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து, இன்னும் இருக்கிறதா என்று பார்த்தது. வால் தரையைப் பெருக்கியது. மூன்று வருஷமாக இந்த ஜீவன் கேட்டது இதைத்தானா?  தபால்காரர் அதன் தலையைத் தடவினார். ஷூவைக் கேட்கவே மறந்துவிட்டு, ஒற்றை ஷூவோடு மீதித் தெருவுக்குப் பட்டுவாடாவை முடித்தார்.

ஆபீஸில் ஒப்புகை அட்டையைப் பதக்கம் போல மேஜை மேல் வைத்தார்.

“இருபத்திரண்டு வருஷம் மேடம். இன்னிக்கும் ஒண்ணுகூட ரிட்டர்ன் இல்ல.”

“சபாஷ்ண்ணே! காலுக்கு என்ன ஆச்சு?”

“அது போகட்டும். இன்னொரு விஷயம். அந்த நாய் மேல குடுத்தேனே புகார், அதை நான் வாபஸ் வாங்கிக்கிறேன். தங்கமான பிராணி மேடம். அதுக்கு ஒரு வேலை வேணும், அவ்வளவுதான். நாளையிலேர்ந்து அந்த வீட்டுத் தபாலை எல்லாம் அதுகிட்டயே குடுக்கப் போறேன். அது கவ்விக்கிட்டுப் போற அழகை நீங்க ஒரு நாள் வந்து பாக்கணும்.”

 கிளார்க்கம்மா, அன்று காலைதான் மேலிருந்து இறங்கி வந்த ஒரு ஃபைலைப் பிரித்து, ஒப்புகை அட்டையை அதில் சேர்க்க இடம் தேடிக்கொண்டிருந்தார். ஃபைலின் முதல் பக்கத்தில், துருப்பிடித்த குண்டூசியில், ஒரு கை அகலக் காக்கித் துணி தொங்கியது.

தபால்காரர் துணியைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். மறுபடி துணியைப் பார்த்தார்.

“இனிமே எப்படிண்ணே வாபஸ் வாங்குறது?” என்றார் கிளார்க்கம்மா. “‘நாய்க்குப் பயந்து தபால்காரர் உள்ளே வர முடியாததால், இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து உங்கள் வீட்டுக்குத் தபால் நிறுத்தம்’னு உங்க புகார் மேல எடுத்த நடவடிக்கையைத்தானே அந்தக் கவர்ல ஒரு வாரமாத் தூக்கிக்கிட்டு அலைஞ்சு, இப்ப நீங்களே உள்ள போய்க் குடுத்துட்டு வந்திருக்கீங்க?”